பாலாறு தலையெடுக்கிற பக்கம்

1 அக்டோபர் 2022, சனி

தசரா லீவுக்கு நாலு நாள் கேரவன் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எல்லாம் அம்மாவுக்காக. முட்டி தேய்ந்துபோய் லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். வேனுக்குள்ளேயே படுக்கை, நாலு எட்டில் பாத்ரூம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். எங்கே போகலாம் என்று கேட்டேன். மைசூர், ஊட்டி என்று எதுவும் சொல்லவில்லை.

"பாலாறு எங்க பொறக்குதோ அங்க கூட்டிட்டுப் போ."

அம்மா ஆம்பூர்க்காரி. கல்யாணமாகிப் பெங்களூர் அல்சூருக்கு வந்து நாற்பத்தெட்டு வருஷம். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள், ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பாள். அந்த ஆற்றின் தலை நம் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் கூட்டிப்போனதில்லை. மூட்டை கட்டும்போதெல்லாம் அதுதான் மனசை அறுத்தது.

2 அக்டோபர், ஞாயிறு

மதியம் நந்தி கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். தோப்புக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். வாடகைக்கு விட்டவர்கள் எல்லாம் சரிபார்த்தாச்சு என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார்கள். சாயங்காலமே தண்ணீர் பம்பு நின்றுவிட்டது. டேங்கில் நூறு லிட்டர் இருக்கிறது, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடைசியில் டேங்குக்கு அடியில் இருந்த வால்வைத் திறந்து பக்கெட்டில் பிடித்தோம்.

அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் ஆறு தட்டு கழுவினாள். முதல் தட்டைக் கழுவிய தண்ணீரை இரண்டாவதில் சாய்த்து, அதை மூன்றாவதில் சாய்த்து, இப்படியே ஆறாவது வரைக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கை நல்ல தண்ணீர். மிச்சம் மாமரத்தடிக்குப் போயிற்று.

சின்ன வயசில் ஆற்று மணலில் ஊற்று தோண்டினதை அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொன்னாள். கோடையில் விடிவதற்கு முன்னால் போக வேண்டும். முழங்கை ஆழத்துக்கு மணலைக் கையால் வாரிப்போட்டு, முதலில் ஊறுகிற கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். தெளிந்த பிறகு கொட்டாங்குச்சி கொட்டாங்குச்சியாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். "ஒரு கொடம் நெறைய அரை மணி நேரம் ஆவும். அப்புறம் தோல் பதனிடுற ஷாப்புத் தண்ணி எறங்கி அதுவும் உப்பாப் போச்சு." இதைச் சொல்லும்போது அவள் விரல்கள் தானாகவே குவிந்து மண்ணை வாரின.

3 அக்டோபர், திங்கள்

கேரவன் நந்தி மலை ஏறாது. அந்த நீளத்தைக் கொண்டை ஊசி வளைவில் திருப்ப முடியாது. தம்பி ஒயிட்ஃபீல்டிலிருந்து அஞ்சரைக்கே காரோடு வந்துவிட்டான். போன வருஷம் ஆகஸ்ட்டில் மண் சரிந்து அறுந்து, மாசக்கணக்கில் மூடிக்கிடந்த ரோடு இது. அந்த இடத்தைத் தாண்டும் வரைக்கும் யாரும் பேசவில்லை.

மேலே 1,478 மீட்டர். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டம். திப்பு ட்ராப் என்கிற செங்குத்துப் பாறை, 1791-ல் கார்ன்வாலிஸின் வெள்ளைக்காரப் படை பிடித்த கோட்டை மதில் என்று தம்பி பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "ஊத்து எங்க?"

தலைக்காவிரி மாதிரி ஒரு தொட்டி, ஒரு கோயில், கையெடுத்துக் கும்பிட ஒரு இடம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளை ஒரு கல்லில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். இந்தக் குன்றுகளைச் சுற்றித்தான் பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை, அர்க்காவதி எல்லாம் தலையெடுக்கின்றன. ஆனால் பாலாறு ஒரு வாயிலிருந்து கொப்பளித்து வருகிற ஆறு இல்லை. மழை விழுந்து பாறை இடுக்கில் இறங்கி அடிவாரத்து ஏரியை நிரப்பும், அது வழிந்தால் அடுத்த ஏரி, அதுவும் வழிந்தால் அதற்கடுத்தது. அப்படித்தான் கோலார் பக்கம் ஆறாகிறது. மொத்தம் 348 கிலோமீட்டரில் கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 நம் பக்கம், வயலூரில் கடல்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப மேல ஒரு ஏரி காஞ்சா ஆம்பூர் காயும்."

திரும்பி நடக்கும்போது பாசி பிடித்த பாறை ஒன்றில் பனி ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளங்கையை அதில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்து கண்ணாடி வளையலில் கோத்து நின்றது. அதைத் துடைக்காமல் அப்படியே முகத்தில் தடவிக்கொண்டாள்.

இறங்கும் வழியில் பெங்களூர் ப்ளூ திராட்சை இரண்டு கிலோ. தடித்த தோல், கார் முழுக்க அந்த வாசனை. முத்தேனஹள்ளியில் இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யா பிறந்த இடத்தையும் சமாதியையும் பத்து நிமிஷத்தில் பார்த்தோம். அங்கே இன்னும் நின்றிருக்கலாம், பிள்ளைகளுக்குப் பசி.

மலையடிவாரத்துப் போக நந்தீஸ்வரர் கோயிலை மட்டும் அவசரமில்லாமல் பார்த்தோம். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற கோயில். பக்கத்துச் சன்னதி அருணாசலேஸ்வரர் என்றதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது, "நம்ம திருவண்ணாமலக்காரரு இங்கயும் இருக்காரா!" மலைமேல் இருப்பவர் யோக நந்தீஸ்வரர், எல்லாம் துறந்தவர், அவருக்கு உற்சவம் கிடையாது. கொண்டாட்டமெல்லாம் கீழே இருப்பவருக்குத்தான். அம்மாவுக்குக் கீழே இருப்பவரைத்தான் பிடித்தது. குளத்துப் படிகளைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முட்டி வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

4 அக்டோபர், செவ்வாய்

ஆயுத பூஜை. வாடகை வண்டியானாலும் அம்மா விடவில்லை. கேரவனுக்கும் காருக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பம்புக்கும் ஒரு பொட்டு.

இன்றைக்குத் திட்டத்தில் இல்லாத ஒரு இடம். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாறையைத் தொட்டுவிட்டு அவளைத் திருப்பிக் கூட்டிப்போனால் போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கோலார் வழியாகப் பேத்தமங்கலம் போனோம். பாலாற்றுக்குக் குறுக்கே கட்டிய பழைய ஏரி, தங்கவயலுக்குக் குடிதண்ணீர் போன இடம்.

வழியெல்லாம் ஏரிகள் தளும்பின. 2018-லிருந்து பெங்களூர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியாகக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள் என்று தம்பி சொன்னான். நிலத்தடி நீர் ஊறுவதற்காக மட்டும், குடிப்பதற்கு இல்லை. இன்னும் ஒரு கட்டம் சுத்தம் செய்து அனுப்புங்கள் என்று கோலார் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது முழு நியாயம். நாம் குளித்து அலசி விட்ட தண்ணீர் அது, சுத்தமாக அனுப்புகிற கடமை நமக்கு இருக்கிறது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்லாக் கழுவி அனுப்பணும்டா, கீழ புள்ளைங்க இருக்குது" என்றாள்.

ஏரிக்கரையில் எருமை மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அம்மா கன்னடத்தில் கேட்டாள், "கெரெ கோடி பித்தா, அண்ணா?" ஏரி நிரம்பி வழிந்ததா என்று.

போன வருஷம் வழிந்தது, இந்த வருஷம் இன்னும் இல்லை என்றார் அவர். போன வருஷ நவம்பரில்தான் ஆம்பூரில் ஆறு கரை தொட்டு ஓடியது.

அம்மா என் போனை வாங்கி ஊரில் இருக்கும் சித்தியைக் கூப்பிட்டாள். "கலா, பாலாத்து ஏரிக்கரையில நிக்கிறேன்டி. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணி."

ஸ்பீக்கரில் சித்தி குரல் எனக்கும் கேட்டது. "கோடி போவுதாக்கா?"

அம்மா கரை ஓரம் குனிந்து, கல்லில் தண்ணீர் ஏறியிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மொழம் இருக்குடி."