கட்டிலுக்குக் காசில்லை

1978-ல் சங்ககிரியில் கிளீனராக வண்டி ஏறினேன். வயது 16. முதல் ட்ரிப்பே நாக்பூர். ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் 90 கிலோ மூட்டை நூறு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டது. பெரிய டிரைவர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "ஏறு சாமி, ரெண்டு ட்ரிப்பு போனா காச்சுப் போயிரும்" என்றார்.

2014-ல் இடுப்பு விட்டுப்போய் வண்டியை விட்டு இறங்கினேன். இடைப்பட்ட வருஷங்களில் பாதிக்கு மேல் பழைய என்.எச். 7-ல்தான் கழிந்தது. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை இருந்த ரோடு அது. 2010-ல் நம்பரை மாற்றி, நாங்கள் ஓடிய பகுதியை என்.எச். 44 என்று ஆக்கிவிட்டார்கள். நம்பர் மாறினாலும் எனக்கு அந்த ரோடு ஓட்டல்களின் வரிசையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தொப்பூர் ஏறி, ஓசூர், பெங்களூர் தாண்டி, பெனுகொண்டா, அனந்தபூர், கூத்தி, கர்னூல். பீச்சுபள்ளியில் கிருஷ்ணா பாலத்துப் பக்கத்தில் ஆஞ்சநேயருக்கு ஒரு தேங்காய். அப்புறம் ஹைதராபாத், நிர்மல், அடிலாபாத், பென்கங்கா ஆறு. ஆற்றைத் தாண்டினால் மகாராஷ்டிரா. சேலத்திலிருந்து நாக்பூர் சுமார் 1,250 கிலோமீட்டர். ஒற்றை ரோட்டில் மணிக்கு 40 போனால் நல்ல ஓட்டம். போய்ச் சேர நாலு நாள், மழைக்காலம் என்றால் ஐந்து.

கர்னூல் வரைக்கும் சோற்றுக்குக் கவலை இல்லை. ஆந்திரா ஓட்டலில் சோறு, பப்பு, கோங்கூரா, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் ஆவக்காய் எல்லாம் கிடைக்கும். நிர்மல் மலை ஏறினால் ரொட்டி தேசம். அதனால் எங்கள் பக்கத்து வண்டி எல்லாவற்றிலும் ஒரு பம்ப் ஸ்டவ், ஈயச் சட்டி, பத்துப் படி அரிசி, புளி, மிளகாய்த்தூள், கருவாடு இருக்கும். பகலில் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி கிளீனர் சமைப்பான். ஸ்டவ் பின் தொலைந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குக் கண்டிப்பாகத் திட்டு விழும். ராத்திரிக்கு மட்டும் ஓட்டல். இருட்டில் ரோட்டோரத்தில் சமைப்பதும் படுப்பதும் ஆபத்து. தார்ப்பாயை அறுப்பவன், டீசல் உறிஞ்சுபவன், ஸ்டெப்னியைக் கழற்றுபவன் எல்லாரும் இருட்டில்தான் வருவார்கள்.

நாங்கள் ஓட்டல் என்று சொன்னாலும் அவை தாபாக்கள்தான். பஞ்சாபிலிருந்து வந்த சர்தார்கள் ரோடு நெடுக நடத்தினார்கள். ஒரு கீற்றுப் பந்தல், மண் தந்தூர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இருபது முப்பது கயிற்றுக் கட்டில். கட்டிலின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டால் அதுவே சாப்பாட்டு மேசை. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரொட்டி, தால், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் அந்தப் பலகைக்கு வரும். சாப்பிட்டு முடித்ததும் பையன் பலகையை எடுத்துவிடுவான். அதற்குப் பிறகு அதே கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டவனுக்குக் கட்டிலுக்குக் காசில்லை. இது எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனாலும் அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. நான் எப்போதும் ஒரு பவானி ஜமக்காளம் வைத்திருப்பேன். அதைக் கட்டிலில் விரித்தால்தான் கயிறு முதுகில் அச்சு விழாது.

நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஹிங்கன்காட் பக்கத்து ஓட்டல் ஒன்றில் எழுப்பிவிடும் பையன் ஒருவன் இருந்தான். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். படுக்கும்போது மணியைச் சொன்னால் கட்டில் காலில் சாக்பீஸால் எழுதி வைப்பான். மூன்று, மூன்றரை, நாலு என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மணி. நேரம் வந்ததும் கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக ஆட்டுவான். கண் விழித்தால் கையில் டீ கிளாஸ் இருக்கும். முப்பது பேர் படுத்திருக்கும் இடத்தில் ஒருவனை எழுப்பினால் இன்னொருவன் விழிக்கக் கூடாது என்பதை யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அந்த வயதில் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது மனசு உறுத்துகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, நானும் அப்படி வந்தவன்தானே.

அதே ஓட்டலில்தான் நாங்கள் ஏற்றிப் போகும் ஜவ்வரிசியை முதன்முதலாகச் சாப்பாடாகப் பார்த்தேன். நம் ஊரில் அது பாயசம், வடகம், அவ்வளவுதான். அங்கே ஆஷாட ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்று விரதம் வந்தால் ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலைப் பொடியும் பச்சை மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்டு கிச்சடி செய்கிறார்கள். ஒரு ஏகாதசியன்று சமையல்காரர் இலையில் வைத்துக் கொடுத்தார். "சேலத்துச் சரக்கு" என்று மூட்டையைக் காட்டினேன். அவர் அடுப்படிக்குள் போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைத்தார். மூட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அது போய்ச் சேரும் வயிறுகளைப் பார்த்தது பெரிய சந்தோஷம்.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தபாலாபீஸும் ஓட்டல்தான். எஸ்.டி.டி. பூத் வராத நாள். வீட்டில் அவசரம் என்றால் ஊரிலிருந்து நாக்பூர் புக்கிங் ஆபீசுக்கு டிரங்க் கால் போடுவார்கள். வண்டி வழியில் எங்கே இருக்கிறது என்று ஆபீசுக்குத் தெரியாது. தெற்கே இறங்கும் ஏதாவது ஒரு தமிழ் வண்டியிடம் சொல்வார்கள். அந்த டிரைவர், எதிரே வரும் வண்டி எங்கே நிற்கும் என்று கணக்குப்போட்டு அந்த ஓட்டலில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கல்லாவில் பில் குத்தும் கம்பியில் மேலே வண்டி நம்பர் தெரியும்படி சீட்டைக் குத்தி வைப்பார்கள். கீழே இருப்பது தமிழ், சர்தாருக்குப் படிக்கத் தெரியாது. நம்பரை வைத்து ஆளைப் பிடிப்பார்.

1986-ல் ஒரு ராத்திரி அந்த ஹிங்கன்காட் ஓட்டலில் வண்டியை ஓரங்கட்டினேன். அப்போது நான் டிரைவர். வழக்கமாக நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கல்லாவிலிருந்தே "ஆவோ மதராஸி" என்று குரல் வரும். அன்றைக்கு சர்தார் எழுந்து வந்து, தோளில் கை வைத்து, வேப்பமரத்தடிக் கட்டிலுக்கு அவரே கூட்டிப்போனார். முகம் கழுவத் தண்ணீரும் அவரே மொண்டு கொடுத்தார். என்ன என்று கேட்டேன். "பெஹ்லே கானா" என்றார். முதலில் சாப்பாடு. ரொட்டி வந்தது, தால் வந்தது, எனக்கு எங்கிருந்தோ ஒரு தட்டு சோறும் வந்தது. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவி வந்த பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். கம்பியில் குத்திய ஓட்டை நடுவில் இருந்தது. "அப்பா செவ்வாய்க்கிழமை காலமாயிட்டாருங்க. எடுத்தாச்சு. கருமாதிக்கு வந்து சேரவும்."

அன்றைக்குச் சனிக்கிழமை.

சீட்டைக் கொடுத்த தமிழ் டிரைவர் விஷயத்தை சர்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். முதலில் சீட்டைக் கொடுத்திருந்தால் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன், படுத்திருக்கவும் மாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்திருப்பேன். அந்த மனநிலையில் ரோட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரேடியோவை நிறுத்தச் சொன்னார். கிளீனரை வண்டியில் படுக்கச் சொன்னார். விடியும்வரை அந்த மரத்தடிக்கு வேறு யாரையும் விடவில்லை. நான் எவ்வளவு நேரம் அழுதேன், எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் பையன் என் கால்விரலை ஆட்டவில்லை. வெயில் முகத்தில் பட்டுத்தான் எழுந்தேன். கணக்குக் கேட்டேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பேட்டா செலவு எழுதும் அந்த வருஷத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டீசல், டீ, பஞ்சர், செக்போஸ்ட் என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை சாப்பாடு என்ற இடத்துக்கு நேரே ஒன்றும் இல்லை.

எல்லா ஓட்டலும் இப்படி என்று சொன்னால் பொய். போதைக்குப் பழக்கிவிட்ட இடங்கள் இருந்தன. டிரைவரும் ஓட்டல்காரரும் கூட்டுச் சேர்ந்து முதலாளியின் டீசலை விற்ற இடங்கள் இருந்தன. பெண்களை வைத்து வியாபாரம் நடந்த இடங்களும் இருந்தன. 90-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காரர்கள் லாரி நிற்கும் இடமெல்லாம் வந்து ஆணுறையும் நோட்டீசும் கொடுத்தார்கள். எங்கள் நாமக்கல் மாவட்டத்தின் பெயரும் அந்தப் பேச்சில் அதிகம் அடிபட்டது. லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி எனக்கு மரியாதைதான், பல உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் எல்லா டிரைவரையும் ஒரே கண்ணால் பார்த்த ஊரின் பார்வை வலித்தது.

நாக்பூரில் இறக்கிய பிறகு ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருக்கும் நாட்கள் வேறு மாதிரி. ஆரஞ்சு சீசன் என்றால் உடனே கிளம்பலாம். இல்லையென்றால் புக்கிங் ஆபீஸ் மாடியில் பாய் விரித்து மூன்று நாள், நாலு நாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பாதிப் பேர் தார்ப்பாயை மடித்துப் போட்டு வண்டி மேலேயே படுப்போம்.

எங்களுக்குத் தங்க இடம் கொடுப்பது யார் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருந்தது. சங்கத்து ஆள் ஒருவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், ராத்திரி தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை வைத்துத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றும் இருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் நாலு வண்டி, டிரைவரும் கிளீனருமாக எட்டுப் பேருக்கு மேல். ஓய்வறை என்ற சொல்லை அங்கே ஒருவரும் உச்சரித்துக் கேட்டதில்லை. பெரும்பாலான வண்டிகள் ஒன்றிரண்டு வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுடையவை, சட்டம் அவர்களைத் தொடவே இல்லை. அந்த ஓய்வறையை யாரும் கேட்காமலே கட்டிக் கொடுத்தது ரோட்டோரத்துச் சர்தார்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாலு வழிச்சாலை வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் குத்தாது, முந்தும்போது உயிரைக் கையில் பிடிக்க வேண்டாம். ஆனால் நடுவில் தடுப்புச் சுவர் எழும்பியதும் எதிர்ப்பக்க ஓட்டல் எங்களுக்கு வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. பைபாஸ் போட்ட இடங்களில் பழைய ரோட்டு ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூடின. புதிதாக வந்தவை கார்க்காரர்களுக்கானவை. வாசலில் செக்யூரிட்டி நின்று லாரியைப் பார்த்ததும் கையை ஆட்டி அனுப்பிவிடுகிறார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையில் இருந்த வரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. ஒரு நாள், இரண்டு நாள் வரிசையில் நின்ற கொடுமை போனது நிஜம். ஆனால் அந்த வரிசையில்தான் எங்கள் ஆட்கள் தூங்கினார்கள். மிச்சமான நேரம் டிரைவரின் தூக்கத்துக்குப் போகவில்லை, அடுத்த ட்ரிப்புக்குப் போனது. இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, ஒரு மணி நேரம் வண்டி நின்றால் போன் வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று ஆணை வந்ததைக் கேட்டு மனசு நிறைந்தது. மே மாதம் என்ஜின் சூட்டில் வெந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். எண்ணெய் நிறுவனங்கள் சில பங்க்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கட்டியிருக்கின்றன. நல்ல வேலை, எல்லா ரோட்டிலும் வர வேண்டும்.

என் தங்கை மகன் இப்போது பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறான். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் பண்ணினான். ஹிங்கன்காட் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான், தூக்கம் வருகிறது, பேசிக்கொண்டே வந்தால் தேவலாம் என்றான். அந்த வேப்பமரம் இருக்கிறதா பாரு என்றேன். "ரெண்டு பக்கமும் தகடுதானுங் மாமா, மரமே தெரியலை" என்றான். சரி, எங்காவது ஓரங்கட்டி நாலு மணி நேரம் படு, முதலாளி கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"ஓரங்கட்ட எடமில்லீங் மாமா. பங்க்குல டீசல் போட்டாத்தான் நிக்க விடுவாங்களாம். நீங்க பேசுங்க" என்றான்.

அவன் நாக்பூர் சேரும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.