எட்டு மணிக்கு அப்புறம்

அன்னிக்கு எது எப்ப நடக்கும்னு வரிசையா படம் ஒட்டிக் காட்டற பட அட்டவணையில "எட்டு மணிக்கு வெடி முடிஞ்சிடும்"னு போடுறதா வேண்டாமான்னு தீபாவளிக்கு முன்னாடி, என்கிட்ட செஷனுக்கு வர்ற, ஆட்டிசம் இருக்கற ஒரு பையனோட அம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சு, பொங்கலே வரப்போகுது, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. 2018-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்ததுலேர்ந்து தமிழ்நாட்டுல காலைல ஆறு டு ஏழு, சாயங்காலம் ஏழு டு எட்டுன்னு அரசாங்கமே நேரம் குடுத்திருக்கு, "அதையே போடுங்க மேடம், எட்டுன்னா எட்டுன்னு இருந்துப்பான்"னாங்க. ஆட்டிசம் இருக்கற பிள்ளைக்கு ஒரு விஷயம் எப்ப முடியும்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும், அத சொல்லிக்குடுத்ததே நான்தான். ஆனா எந்தத் தெருவுல எட்டு மணிக்கு வெடி நிக்குது? எட்டரைக்கு ஒரு லட்சுமி வெடி வெடிச்சா அப்புறம் அட்டவணையவே அவன் நம்பமாட்டான், ஸ்கூலுக்கும் அது உதவாமப் போயிடும்னு சொல்லி எட்டுக்குக் கீழ, "என்ன ஆகும்னு இப்ப தெரியாது"ங்கறதுக்கான கேள்விக்குறி அட்டை ஒட்டினேன், பக்கத்துல ஹெட்ஃபோன் படம், உள் ரூம் படம். அந்த அட்டை அவனுக்குப் புதுசும் இல்ல, பார்க்குக்குப் பதிலா ஐஸ்கிரீம்னு நல்ல மாற்றங்கள்ல ஆரம்பிச்சு பழக்கினதுதான்.

புதுச் சட்டைய முன்னாடியே துவைச்சு லேபிள வெட்டினது, எண்ணெய்க் குளியல முந்தின ஞாயித்துக்கிழமை ஒத்திகை பார்த்தது எல்லாம் நல்லா வேலை செஞ்சுதாம். ராத்திரிதான். கேள்விக்குறிய பிச்சு எடுத்துட்டு வந்து "எப்போ எப்போ"ன்னு அம்மா கையில அழுத்திக்கிட்டே இருந்தானாம், தெரு அடங்கற வரைக்கும்.

"நீங்க சொன்னது உண்மைதான் மேடம், அந்த நேரத்துல உண்மைய வச்சு நான் என்ன பண்றது"ன்னாங்க. கோபமாக்கூட சொல்லல.

நான் பண்ணது சரின்னுதான் இப்பவும் நினைக்கறேன். எட்டுன்னு போட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும், ஆகாமலும் இருந்திருக்கலாம், ஒருவேளை அந்த எட்டு மணி வரைக்குமாவது நிம்மதியா இருந்திருப்பான். நாப்பத்தஞ்சு நிமிஷ செஷன்ல உக்காந்துட்டு அடுத்த மாசத்த யோசிக்கறது எனக்கு முடியுது, அவன கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தவங்களுக்கு அந்த ராத்திரி விடியணும்.

பொங்கல் லீவுக்கு அட்டவணைய அவங்களே பண்ணிட்டாங்க, எனக்கு போட்டோ மட்டும் வந்துது. போகி, பானை, தாத்தா வீடு எல்லாத்துக்கும் நேரம் போட்டிருக்கு, மாமா ட்ரெயின்ல வர்றதுக்குக்கூட பத்தரைன்னு. ட்ரெயின் லேட்டானா? செவ்வாய்க்கிழமை வரும்போது கேக்கணும், திருத்தறதுக்கு இல்ல, அவங்க என்ன யோசிச்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு.