அவ தோடியும் என் வயித்தெரிச்சலும்

சென்னைல டிசம்பர் கர்நாடக சங்கீத சீசன்ல பாடுறவங்க எல்லாருக்கும் நவம்பர்லயே ஒரு காய்ச்சல் வந்துடும், கச்சேரி நடத்தற சபாக்களோட ஷெட்யூல் எல்லாம் ஒண்ணொண்ணா வாட்ஸப்ல சுத்த ஆரம்பிக்கும்போது. பிடிஎஃப்ப திறந்து எங்க பேரதான் தேடுவோம்னு நீங்க நினைப்பீங்க. இல்லங்க, அது முன்னாடியே தெரியும், போன் பண்ணி சொல்லியிருப்பாங்க. தேடுறது அடுத்தவங்க பேர. யாருக்கு எத்தன மணி, யாரு மத்தியானத்துலேர்ந்து சாயங்காலத்துக்கு ஏறிட்டா, அவளுக்கு வயலின் யாரு மிருதங்கம் யாரு.

இந்த மணிக்கணக்கு வெளிய இருக்கறவங்களுக்கு புரியாது. மத்தியான கச்சேரிக்கு பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, வளர்ற பசங்களுக்கு குடுக்கறது. முன்வரிசைல நாலு தாத்தா பாட்டி, நம்ம அப்பா அம்மா சித்தி, அப்புறம் கேன்டீன்ல இலை போடற வரைக்கும் ஏசில உக்காரலாம்னு வந்தவங்க. சாயங்காலம்னா டிக்கெட், பேப்பர்ல விமர்சனம், ராகம் தானம் பல்லவின்னு பெரிய உருப்படிய நிதானமா பாட நேரம். நடுவுல சப்-சீனியர்னு ஒரு படி வேற. இதுல எப்படி ஏறணும்னு யாரும் ரூல் எழுதி வைக்கல. நல்லா பாடணும், சரி, ஆனா நல்லா பாடுற எல்லாரும் ஏறிடறதில்லயே, அங்கதான் மனசு கெட்டுப்போகுது.

என்கூட ஒரே மாமிகிட்ட பாட்டு கத்துக்கிட்ட ஒருத்திக்கு போன சீசன்ல சாயங்காலம் கிடைச்சுது. எனக்கு வழக்கம்போல மத்தியானம், ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு. பெரிய வித்வான்கள் மேல எனக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்ல, சஞ்சய் சுப்ரமணியன் கச்சேரி ஹவுஸ்ஃபுல்னா எனக்கென்ன, நானே அந்த டிக்கெட்டுக்கு அடிச்சுபிடிச்சு நிக்கற ஆளுதான். எரியறது எல்லாம் பக்கத்துல உக்காந்து அதே சுருதிப்பெட்டிக்கு அதே வர்ணத்த பாடினவ மேலதான். அவ போஸ்டர் வந்துது, மயில்கழுத்து கலர்ல பட்டுப்புடவை, கீழ எல்லாருக்கும் நன்றின்னு ரெண்டு வரி. நானும் ஹார்ட் போட்டேன். போட்டுட்டு போன கவுத்து வச்சுட்டேன்.

இதுக்கெல்லாம் நாங்க கைவசம் சில மருந்து வச்சிருப்போம். பாடகர் எம்.டி. ராமநாதனுக்கு மியூசிக் அகாடமி குடுக்கற பெரிய பட்டம் சங்கீத கலாநிதி கிடைக்கவே இல்ல தெரியுமா, நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளைக்கே இல்ல, வயலின் லால்குடிக்கும் அந்த பட்டம் இல்லன்னு ஆரம்பிச்சா நல்லா சுகமா இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுதான் உறைக்கும், அவங்களுக்கு கிடைக்காதது அகாடமிக்கு நஷ்டம், எனக்கு சாயங்காலம் கிடைக்காதது யாருக்கு நஷ்டம்? பட்டம் வராதவங்க எல்லாரும் எம்.டி.ஆர். ஆயிட முடியுமா என்ன. இன்னொரு மருந்து அதிர்ஷ்டம், இது எங்கம்மா ஸ்டாக்ல இருக்கறது. 1928ல கபாலீஸ்வரர் கோயில்ல முசிறி சுப்ரமணிய ஐயர் வர முடியாம போனதாலதான, பின்னாடி பெரிய பாடகரான ஜி.என்.பி.க்கு முதல் மேடை கிடைச்சுது, எல்லாத்துக்கும் நேரம் வரணும்டின்னு சொல்லுவாங்க. வாஸ்தவம்தான், ஆனா திடுதிப்புனு மேடைல ஏத்தினப்போ அவரால பாட முடிஞ்சுதே, அந்த பாதிய அம்மா சொல்லவே மாட்டாங்க.

சீசன் முடிஞ்சு ஜனவரில மாமியப் பாக்கப் போனேன், கொஞ்சம் புலம்பிட்டு வரலாம்னுதான். மாமி காபிய ஆத்திண்டே, "அவ பாடின தோடி ராகம் எப்படிடி இருந்தது? எனக்கு முட்டிவலி, படியேற முடியல. நீதான் போயிருப்பியே"ன்னாங்க.

நான் போகல. ரெக்கார்டிங் யூட்யூப்ல இருந்துது, அதையும் திறக்கல. அந்த கச்சேரியப் பத்தி எனக்கு தெரியாதது இல்ல, புடவை கலர் தெரியும், பக்கவாத்தியம் தெரியும், எவ்ளோ வ்யூஸ் போயிருக்குன்னு தெரியும், யார் யார் கமென்ட் போட்டாங்கன்னு கூட தெரியும். ரெண்டு மாசமா நான் வெந்துக்கிட்டு இருந்தது முழுக்க சேதிய வச்சுதான், அவ பாட்டுல ஒரு வரி கூட என் காதுல விழல. இது எனக்கே கொஞ்சம் வேடிக்கையா இருந்துது.

அன்னிக்கு மெட்ரோல வரும்போதே ஹெட்ஃபோன் போட்டு கேட்டேன். ஆலாபனைல, அதாவது ராகத்த மட்டும் விரிச்சுப் பாடற இடத்துல, பஞ்சமத்த தொடாம மத்யமத்துலேர்ந்து நேரா தைவதத்துக்கு போறா, ம-லேர்ந்து ப-வ விட்டுட்டு த-க்கு, அந்த தைவதத்த அசைச்சு அசைச்சு அங்கயே நிக்கறா, கேக்கறவங்களுக்கு இப்ப பஞ்சமத்துல வந்து உக்காந்துடுவான்னு தோணுது, வரவே இல்ல, மேல நிஷாதத்த லேசா காட்டிட்டு திரும்ப மத்யமத்துக்கே இறங்கிடறா. மாமி சொல்லிக்குடுத்ததுல இது கிடையாது, எங்க பிடிச்சான்னு தெரியல. நிரவல்ல, ஒரே வரிய விதவிதமா பாடற இடத்துல, காலப்பிரமாணம் ஓடிடுச்சு, வேகம் கூடிப்போச்சு, நல்லாவே ஓடிடுச்சு. அது எனக்கு சந்தோஷமா இருந்துதான்னு கேட்டா, இருந்துது, இங்க பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. ஆனா அந்த தைவதம் மனச விட்டு போகல.

மறுநாள் காலைல தம்புரா ஆப்ப போட்டுட்டு அந்த ஸ்வரப் பிடிய பாடிப் பாத்தா என் குரல் தானா பஞ்சமத்துக்கு போய் விழுது. மூச்சு பத்தல. திரும்பத் திரும்ப பாடி, ஆபீஸ் ஸ்டாண்டப் காலுக்கு லேட்டாயி, குளிக்கும்போதும் அதேதான். அந்த நேரத்துல ஷெட்யூல், சாயங்காலம், போஸ்டர் எதுவும் ஞாபகமே இல்ல, அவகூட ஞாபகம் இல்ல, அந்த ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கற இடம்தான் பிரச்சினை. பொறாமை போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், அடுத்த நவம்பர்லயும் முதல்ல அவ பேரதான் தேடப்போறேன். ஆனா ரெக்கார்டிங்க கேக்காம இனிமே எரிய மாட்டேன், அது வெறும் வதந்திக்கு எரியற மாதிரி.

ஒண்ணு மட்டும் இதுல சேத்தி இல்ல. சில இடத்துல ஸ்பான்சர் பிடிச்சுக்குடுத்தா ஸ்லாட் கிடைக்கும்னு ரொம்ப நாளா பேச்சு இருக்கு. அத கேட்டா வர்றது கோவம், அத போய் பொறாமைன்னு நாமளே நம்மள திட்டிக்க வேண்டியதில்ல.

அப்புறம் அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், வாழ்த்தெல்லாம் இல்ல, அந்த மத்யமம் தைவதம் எங்கடி பிடிச்சன்னு மட்டும் கேட்டேன். ரெண்டே நிமிஷத்துல வாய்ஸ் நோட். நாதஸ்வர ரெக்கார்டிங் ஏதோ ஒண்ணு கேட்டு கேட்டு வந்துதாம். கடைசில கொஞ்சம் தயங்கி, "நிரவல் ஓடிடுச்சாடி?"ன்னா.

ஓடிடுச்சுன்னேன்.

"எனக்கு தெரியும், எல்லாம் அந்த மிருதங்கத்தாலதான்"ன்னு பாவம் பழியத் தூக்கி அவர் தலைல போட்டுட்டா.