கன்றுக்கு 7 ரூபாய்

தமிழ்நாட்டில் 2021-22இல் தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு. முதலாவது, இலவச மரக்கன்று: வரப்பில் நட ஏக்கருக்கு 50, வயல் முழுக்க நட ஏக்கருக்கு 160. அடுத்தது, இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய். வரப்பில் நட்ட 50 கன்றும் பிழைத்தால் ஆண்டுக்கு 350 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 1,050. ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது ஒரு நாள் ஆள்கூலிக்குக்கூட வராத பணம்தான். ஆனாலும் நன்றாக யோசித்து வைத்த மானியம் இது. நட்டதற்குப் பணம் கிடையாது, பிழைக்க வைத்ததற்குத்தான்.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பு கோடையைக் கணக்குப் போடுங்கள். மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே ஒரு கன்றுக்கு வாரம் 10 லிட்டராவது வேண்டும். 50 கன்றுக்கு 500 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம்மில் இரண்டரை. 160 கன்றுக்கு எட்டு டிரம். கிணற்றில் தண்ணீர் இருக்குமா, வண்டி கட்ட ஆள் இருக்குமா என்பதைப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்லுங்கள். இலவசம்தானே என்று 160 வாங்கிப் பாதியைச் சாகவிடுவதைவிட, 50 வாங்கி 45ஐ நிறுத்துவது நிலத்துக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

பதிவை உழவன் செயலியில் செய்யலாம், அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரைப் பார்க்கலாம். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் கையில் இருக்கட்டும். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஆடியிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். ஐப்பசியில் போனால் மிச்சம் கிடக்கும் கன்றுதான் கிடைக்கும். கன்றை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பென்சில் பருமனில் தண்டு இருக்க வேண்டும். பைக்கு வெளியே வேர் நீண்டு தரையில் இறங்கியிருந்தால் அது பையில் அதிக நாள் கிடந்த கன்று. உள்ளே வேர் சுருண்டிருக்கும். வேறு வழியில்லை என்றால் பையின் அடியை ஓர் அங்குலம் மண்ணோடு சேர்த்து வெட்டிவிட்டு நடுங்கள். சுருண்ட வேர் பிரியாவிட்டால் மரம் நாலைந்து ஆண்டு நன்றாக நின்றுவிட்டு ஒரு காற்றில் சாய்ந்துவிடும்.

குழியை மழைக்கு முன்பே எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, அதோடு மக்கிய தொழுவுரம் இரண்டு மூன்று கிலோ, கரையான் உள்ள நிலத்தில் ஒரு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து குழிக்குள் போடுங்கள். மக்காத சாணத்தைப் போட்டால் கரையானை நாமே கூப்பிட்டதாகிவிடும். வடகிழக்குப் பருவமழைப் பகுதியில் மண் ஓர் அடிக்கு நனைந்ததும் நட்டுவிட வேண்டும். கார்த்திகை கடந்து நட்ட கன்றுக்குக் கோடைக்குள் வேர் இறங்க நேரம் போதாது. கன்றுகள் பட்டுப்போவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இடைவெளியும் முக்கியம். ஏக்கருக்கு 160 என்றால் கன்றுக்குக் கன்று 5 மீட்டர். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்று வரப்பு ஏறக்குறைய 255 மீட்டர். அதில் 50 என்றாலும் அதே 5 மீட்டர்தான். கிழக்கு மேற்காக ஓடும் வரப்பில் நட்டால் நிழல் பெரும்பாலும் வரிசை மேலேயே விழும், பயிருக்குச் சேதம் குறைவு. மார்கழி, தையில் நிழல் வடக்கே அதிகம் சாயும் என்பதை மனதில் வையுங்கள். வடக்கு வரப்பில் நட்டால் அது பக்கத்துக் காட்டுக்காரர் பயிரில் விழும், முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டில், மரத்திலிருந்து மூன்றடி தள்ளிப் பயிர்ப்பக்கம் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்குக் காண் (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். பக்கவேர் வயலுக்குள் போகாது, மழைநீரும் அதில் நிற்கும்.

எந்த மரம் என்பதை மண்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் தேக்கு தேறாது. அங்கே புங்கன், நாவல் நிற்கும். மகோகனியில் கொழுந்துத் துளைப்பான் புழு விழுந்தால் நுனி செத்து, தண்டு கவையாகப் பிரிந்து, மரத்தின் விலை போய்விடும். காய்ந்த நுனியைக் கண்டதும் வெட்டி எடுத்துவிட்டு, நேராக வரும் ஒரு துளிரை மட்டும் விட வேண்டும். சந்தனம் தனியாக வளராது, அடுத்த செடியின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சும். பக்கத்தில் துவரை விதைத்து, பிறகு நின்று வளரும் சவுக்கையோ அகத்தியையோ துணைக்கு வைக்க வேண்டும்.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கும். அந்த மேய்ச்சல் நிலத்தில் 5 மீட்டருக்கு ஒரு தேக்கை நட்டால் நிழலில் புல் போய்விடும். அங்கே வேலியோரம் மட்டும் நடுவதுதான் சரி. எந்த ஊரானாலும் முதல் இரண்டு ஆண்டுக்குக் கன்றைச் சுற்றி முள் கட்டுங்கள். நான்கு கம்பு நட்டுச் சீமைக்கருவேல முள்ளை வளைத்துக் கட்டினால் ஆடு நெருங்காது. நிரந்தர வேலிக்கு ஆடாதொடையும் நொச்சியும் போதும், ஆடு அவற்றில் வாய் வைக்காது.

ஆய்வுக்கு வருபவர் எண்ணுவதற்குத் தோதாக, செத்த இடத்தில் அடுத்த மழைக்கே மாற்றுக் கன்று நட்டு வரிசையைக் காப்பாற்றுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, மரத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேடு) ஏற்றச் சொல்லுங்கள். சந்தனமும் செம்மரமும் வைத்திருப்பவர்களுக்கு இது மிக அவசியம். பட்டா நிலத்துச் சந்தனத்தை வனத்துறை வழியாகத்தான் வெட்டி விற்க முடியும், அப்போது அந்த மரம் உங்களுடையது என்று காட்ட இந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.