ஷட்டில் குழாய் மூடியில் இருக்கும் 76 எதற்கு?

பேட்மிண்டன் ஆட வருகிறவர்கள் ராக்கெட்டைப் பற்றி நிறையக் கேட்பார்கள். எத்தனை கிராம், எந்தக் கம்பெனி, நரம்பை எத்தனை பவுண்டுக்குக் கட்டலாம் என்று. ஷட்டிலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கையில் கிடைத்த குழாயை வாங்கி வந்து ஆடுவார்கள். அடித்ததெல்லாம் பின்கோட்டைத் தாண்டினால் பழி மணிக்கட்டின் மேல் விழும். பாதி நேரம் தப்பு அந்தக் குழாயில்தான் இருக்கும்.

இறகு ஷட்டில் குழாயின் மூடியிலோ பக்கத்திலோ 75, 76, 77, 78 என்று ஓர் எண் இருக்கும். அது வேக எண். எடையைக் கிரெயின் கணக்கில் குறித்த காலத்திலிருந்து வருவது. ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம், அந்தக் கணக்கில் 76 என்றால் ஏறக்குறைய 4.9 கிராம். விதி அனுமதிக்கும் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. சில நிறுவனங்கள் இதையே 1 முதல் 5 வரை என்று போடுகின்றன. எந்த முறையானாலும் எண் கூடினால் வேகம் கூடும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே, ஒரே அடிக்கு ஷட்டில் போய் விழும் தூரம் சுமார் ஓர் அடி மாறும்.

வேகமான ஷட்டில் நல்ல ஷட்டில் என்று நினைத்து 78 வாங்குகிறவர்கள் உண்டு. அது பொருத்தத்தைப் பொறுத்த விஷயம். காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஷட்டிலுக்குத் தடை குறையும், அது கூடுதல் தூரம் போகும். கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் ஊர்களிலும் அப்படியே. ஆகவே வெயில் காலத்துக்கும் மலைப் பகுதிக்கும் சிறிய எண், குளிருக்குப் பெரிய எண். ஏசி ஓடும்போது சரியாக இருந்த குழாய், ஏசி இல்லாத நாளில் அதே அரங்கில் வெளியே போய் விழும்.

எண்ணை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. விதிப்புத்தகமே வழி சொல்கிறது. பின்கோட்டின் நேர் மேலே ஷட்டில் படும்படி நின்று, கீழிருந்து மேல்நோக்கி முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மிகாமலும் உள்ளே விழுந்தால் வேகம் சரி. டேப் வைத்து அளக்கத் தேவையில்லை. இரட்டையர் நீள சர்வீஸ் கோடு பின்கோட்டிலிருந்து 760 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, அதாவது அந்த இரண்டு எல்லைகளுக்கும் சரியாக நடுவில். அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் அளவுக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு முனையிலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஏசியின் காற்று ஒரு பக்கமாகத் தள்ளினால் அப்போது தெரிந்துவிடும். தலைக்கு மேலே கிளியர் (எதிர்ப்பக்கப் பின்கோடு வரை உயர்த்தி அனுப்பும் அடி) அடித்துச் சோதிப்பது பலரிடமும் இருக்கும் தப்பான பழக்கம். அதில் தெரிவது உங்கள் தோள்பலம் மட்டும்.

ஷட்டிலில் 16 இறகுகள். வாத்து இறகோ கூஸ் எனும் பெரிய வாத்தின் இறகோ, எல்லாம் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே திசையில் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் ஷட்டில் பறக்கும்போது தானே சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் அதை நேராக வைக்கிறது. அடித்தவுடன் தலைகீழாகத் திரும்பி, கார்க் முன்னால் வரும்படி பறப்பதற்குக் காரணம் கனம் முழுக்கக் கார்க்கில் இருப்பது. பறக்கும்போது ஷட்டில் தள்ளாடினால் முதலில் தண்டுகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்று முறிந்திருக்கும், இல்லையென்றால் தண்டுகளைக் கட்டியிருக்கும் நூலின் மேல் பூசிய பசை விட்டிருக்கும். மலிவான ஷட்டில்களில் கார்க் ஒரு பக்கம் அமுங்கியும் போகும்.

இரண்டே ராலியில் (ஒரு புள்ளி முடியும்வரை மாறி மாறி அடிப்பது ராலி) இறகு ஒடிகிறதென்றால் பெரும்பாலும் காய்ந்துபோனதுதான் காரணம். ஆடுவதற்கு முந்தைய இரவு குழாயின் இரண்டு மூடிகளையும் திறந்து, இறகுப் பக்கத்தைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவிக்கு மேலே 5 முதல் 10 நொடி பிடித்துவிட்டு, மூடி வைத்துவிட வேண்டும். தண்டு ஈரத்தை இழுத்துக்கொண்டு வளைந்துகொடுக்கும். அதற்கு மேல் பிடித்தால் எடை கூடும், இறகு தொய்யும், பசையும் இளகும்.

இறகு நுனிகளை உள்ளே மடக்கினால் வேகம் கூடும், வெளியே மடக்கினால் குறையும். பயிற்சியில் மிச்சக் குழாயைத் தீர்க்க இது உதவும். போட்டியில் செய்தால் ஒழுங்குமீறல்.

நைலான் ஷட்டில் வேறு பிறவி. மூடியிலோ கார்க்கின் மேல் உள்ள பட்டையிலோ பச்சை இருந்தால் மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். நீடித்து உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இறகு ஷட்டில் வேகம் இழந்து செங்குத்தாக விழும் இடத்தில் நைலான் இன்னும் கொஞ்சம் மிதந்து போகும். ஓங்கி அடித்தால் பாவாடை போல விரிந்திருக்கும் பகுதி சுருங்கி, தடையும் குறைந்துவிடும். நைலானில் மட்டும் பழகிய கை இறகுக்கு மாறினால் கிளியர் பின்கோடு வரை போய்ச் சேராது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கடைசி சில வாரமாவது இறகில் ஆடித்தான் ஆக வேண்டும்.

2023-ல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் (மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் அடி) மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் நொடியின் வேகம் அது. வேறெந்த ஆட்டத்துப் பந்துக்கும் இல்லாத அளவுக்குக் காற்று ஷட்டிலைப் பிடித்து நிறுத்துகிறது. மேலிருந்து தானாக விழும் ஷட்டில் நொடிக்கு 7 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இப்படிப்பட்ட ஸ்மாஷைக்கூட எடுத்து ஆட முடிவது அதனால்தான்.

இந்த ஆட்டத்தின் வரலாறும் காற்றோடு மல்லுக்கட்டிய வரலாறுதான். 19-ஆம் நூற்றாண்டில் புனாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் மட்டையும் ஷட்டிலும் கொண்ட பழைய விளையாட்டுக்கு நடுவில் வலை கட்டி ஆடினார்கள். காற்று வீசும் நாளில் கம்பளி நூல் பந்தை எடுத்துக்கொண்டார்கள். நம் பள்ளி மைதானங்களில் ஆடும் பூப்பந்தாட்டத்திலும் கம்பளி நூல் பந்துதான். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தது இங்கிலாந்தின் குளூஸ்டர்ஷயரில் பியூஃபோர்ட் பிரபுவுக்குச் சொந்தமான பேட்மிண்டன் மாளிகை. இங்கிலாந்தில் சங்கம் 1893-ல் அமைந்தது, ஆல் இங்கிலாந்து போட்டி 1899-ல் தொடங்கியது. 1901 வரை மைதானம் வலையருகே இடுப்புச் சிறுத்து உடுக்கை வடிவில் இருந்தது. இன்றைய 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர் செவ்வகம் அதற்குப் பிறகு வந்தது. ஒற்றையருக்கு அகலம் 5.18. உலக அமைப்பு 1934-ல், ஒலிம்பிக் பதக்கம் 1992 பார்சிலோனாவில்.

விதிகளில் அதிகம் அடிவாங்கியது சர்வீஸ்தான். 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடேக் சகோதரர்கள் இறகில் முதலில் படும்படி சர்வீஸ் போட்டார்கள். ஷட்டில் எப்படித் திரும்பும் என்று எதிராளிக்குப் பிடிபடவில்லை. கார்க்கில்தான் முதலில் பட வேண்டும் என்ற விதி அதன் விளைவு. விரலால் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸ் 2023-ல் கிளம்பியது, அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு தடை போட்டது. உயரமும் தகராறாகவே இருந்தது. கடைசி விலா எலும்புக்குக் கீழே என்ற பழைய அளவை ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தார்கள். 2018-ல் எல்லாருக்கும் பொதுவாக, தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே முழு ஷட்டிலும் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். குள்ளமானவர்களுக்கு லாபம், நெட்டையானவர்களுக்குத் தொல்லை. என்னைக் கேட்டால் நியாயமான மாற்றம், அளந்து பார்க்க முடிகிறதே.

ராக்கெட்டுக்கு வருவோம். அதன் எடையைக் குறிக்கும் குறியீட்டில் 4யூ என்றால் 80 முதல் 84 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89. தொடங்குகிறவருக்கு 4யூ, நரம்பு 20 முதல் 24 பவுண்டு. நரம்பின் இழுவை கூடினால் ஷட்டில் சரியாகப் படவேண்டிய இடம் சுருங்கும். விசையைக் கையிலிருந்து எடுக்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். நரம்பு ஓரத்தில் அறுந்தால் அடி தப்பிப் படுகிறது என்று அர்த்தம், நடுவில் உரசித் தேய்ந்து அறுந்தால் வயதாகிவிட்டது. ஒன்று அறுந்ததும் மீதியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உடனே வெட்டிவிடுங்கள். ஒரு பக்க இழுவை மட்டும் மிஞ்சினால் ராக்கெட்டின் சட்டம் கோணிக்கொள்ளும். பழுது பார்க்கவும் முடியாது.

கோர்ட்டில் சண்டை வருவது சில விஷயங்களில்தான். சர்வீஸ் வலையில் பட்டு சரியான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். டென்னிஸ் மாதிரி மறுபடி போடச் சொல்லக் கூடாது. ராலி நடுவே ஷட்டில் வலையின் மேல் தங்கிவிட்டால், அல்லது தாண்டிப் போய் எதிர்ப்பக்க வலையில் சிக்கிக்கொண்டால், அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வேண்டும். அதுவே சர்வீஸில் நடந்தால் தவறு. ஷட்டில் ராக்கெட்டின் சட்டத்தில் பட்டுப் போனாலும் அடி செல்லும். உங்கள் பக்கத்தில் ஷட்டிலைத் தொட்டபின் ராக்கெட் வலைக்கு மேல் தாண்டினால் குற்றமில்லை, ஷட்டில் வரும் முன் எட்டித் தொட்டால் குற்றம்.

இரட்டையரில் யார் எங்கே நிற்பது என்ற குழப்பம் தீராது. 2006-ல் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்ற 21 புள்ளி முறை வந்தபோது ஓர் அணிக்கு ஒரே சர்வீஸ் என்றானது. உங்கள் அணியின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலப்பக்கம் இருப்பவர் சர்வீஸ் போடுவார், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம் இருப்பவர். சர்வீஸ் போட்டுப் புள்ளி வென்றால் மட்டும் அந்த ஜோடி இடம் மாறும். சர்வீஸை எடுக்கும் பக்கம் புள்ளி வென்றாலும் இடம் மாறாது. பெரும்பாலானவர்கள் பிழை விடும் இடம் இதுதான். தவறான கட்டத்திலிருந்து ஆடியது நடுவில் தெரிந்தால், அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும். நிற்கும் இடத்தைத் திருத்திக்கொண்டு தொடர வேண்டும்.