ஒரே கேபிளில் இரண்டு குரல்கள்

போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பிங் எனும் இணைப்புச் சோதனையும் சீராகப் போய்த் திரும்பியது. ஆனால் புதிய சுவிட்ச் வழியாகப் போகும் பாதையில் ஒரு டிஸ்க்கூடத் தெரியவில்லை. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ரேக்கில் 16 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் நெட்வொர்க்கையும் சேமிப்பகத்தையும் ஒன்றாக இணைக்கும் சிஎன்ஏ அட்டை இருக்கிறது. சாதாரண நெட்வொர்க் போக்குவரத்தும், எஃப்சிஓஇ எனப்படும் சேமிப்பகப் போக்குவரத்தும் ஒரே 10 கிகாபிட் கேபிளில் சேர்ந்து போகும். ஆயுள் முடிந்த பழைய சுவிட்சுகளை எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பொருத்துவதுதான் வேலை. அந்த டிஸ்க்குகளில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் இருந்தன. இன்னும் மாற்றாத மற்றொரு சுவிட்ச் வழியான இரண்டாவது பாதை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் விழுந்தால் அவசரப் பிரிவில் மருத்துவர் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். அந்த எண்ணம் இரவு முழுக்க என்னை விடவில்லை.

எந்தச் சர்வர் எந்தச் சேமிப்பகத்தைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் ஸோனிங்கில் முதல் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தேன். ஒவ்வொரு அட்டையின் அடையாள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகுதான் சேமிப்பகத்துக்கு வாசலான மையச் சுவிட்சின் உள்நுழைவுப் பட்டியலைத் திறந்தேன். அது காலியாக இருந்தது. உள்ளே வராதவனுக்கு எந்த அறைச் சாவி கொடுத்து என்ன பயன்? முதலில் சுவிட்சும் அட்டையும் அமைப்புகளை ஒத்துக்கொள்ளும் டிசிபிஎக்ஸ் பேச்சு, அடுத்து சேமிப்பகத்துக்கான தனி நெட்வொர்க் பிரிவை, அதாவது விலானைத் தேடல், பிறகு மையச் சுவிட்சைக் கண்டுபிடித்தல், உள்நுழைவு, கடைசியில்தான் ஸோனிங். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து தேடியிருக்கிறேன்.

ஈத்தர்நெட் நெரிசலில் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். சேமிப்பகப் போக்குவரத்தால் அதைத் தாங்க முடியாது. அதனால் எட்டு முன்னுரிமைகளில் ஒன்றை மட்டும், வழக்கமாக 3ஐ, "கொஞ்சம் நில்" என்று நிறுத்திவைக்கும் பிஎஃப்சி என்ற ஏற்பாடு உண்டு. எந்த முன்னுரிமை, கேபிளின் கொள்ளளவில் எவ்வளவு பங்கு என்பதைச் சுவிட்சும் அட்டையும் டிசிபிஎக்ஸ் மூலம் பேசி முடிவு செய்கின்றன. இதில் வம்பு என்னவென்றால், 2011இல் ஐஇஇஇ என்ற தொழில்நுட்ப அமைப்பின் தரநிலை வருவதற்கு முன்பே டிசிபிஎக்ஸின் பழைய வடிவங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. எங்கள் அட்டை பழைய வடிவத்தில் பேசியது. புதிய சுவிட்சுக்கு இரண்டும் தெரியும். எனவே அது தடையாக இருந்திருக்கக் கூடாது.

என்னோடு இருந்த இளைஞர்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு கேபிளின் எதிர்முனையிலும் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் எல்எல்டிபி அண்டைப் பட்டியலைத் திரையில் நகர்த்திக்கொண்டிருந்தவர் நின்றார்.

"அண்ணா, ஒரே போர்ட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் பாருங்கள்."

ஏழாவது போர்ட்டுக்கு நேராக இரண்டு வரிகள். ஒன்றில் வெறும் மேக் முகவரி, அதாவது அட்டையின் வன்பொருள் எண். மற்றொன்றில் சர்வரின் பெயர். அட்டையின் உள் மென்பொருளான ஃபெர்ம்வேர் 30 விநாடிக்கு ஒருமுறை தன்னை அறிவித்துக்கொண்டிருந்தது. அதே கேபிளில், சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் ஓடிய எல்எல்டிபி சேவையும் தன் பங்குக்கு அறிவித்தது, அதுவும் புதிய வடிவத்தில். டிசிபிஎக்ஸ் பேச்சு இந்த அறிவிப்புகளுக்குள்ளேயே போகும். எதிர்முனையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் டிசிபிஎக்ஸ் பேசினால் யார் சொல்வதையும் ஏற்கக் கூடாது என்பது விதி. புதிய சுவிட்ச் அந்த விதிப்படியே நடந்தது. பழையது கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக ஓடியதே, அட்டையில் என்ன குறை இருக்கப் போகிறது என்ற என் வாதம் அந்த இடத்தில் உடைந்தது.

அந்த போர்ட்டுகளில் லினக்ஸ் சேவையை நிறுத்தினோம். ஒரு நிமிடத்துக்குள் பிஎஃப்சி எழுந்தது. விலான் எண்ணும் வந்தது. ஆனாலும் உள்நுழைவு நடக்கவில்லை.

இந்த இரண்டாவது முடிச்சு எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. மையச் சுவிட்ச் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் அறிவிப்பு சர்வருக்கு வந்து சேர்ந்தது. சர்வர் கேட்ட கேள்விக்கு அனுப்பிய தனிப் பதில் மட்டும் வரவில்லை. காரணம் அளவு. பாதை முழு எஃப்சிஓஇ ஃபிரேமை, அதாவது தரவுப் பொதியைத் தாங்குமா என்று சோதிப்பதற்காகவே அந்தப் பதிலை நிரப்பி, முழு அளவுக்கு, ஏறத்தாழ 2,180 பைட்டுக்கு அனுப்புகிறார்கள். புதிய சுவிட்சில் போர்ட்டின் எம்டியு, அதாவது அது ஏற்கும் மிகப் பெரிய பொதியின் அளவு, 9,216 என்றுதான் காட்டியது. ஆனால் சேமிப்பகப் போக்குவரத்துக்கென ஒதுக்கிய வகுப்புக்குத் தனியாக ஒரு எம்டியு இருந்தது. அது 1,500இலேயே கிடந்தது. அந்த வகுப்பின் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக ஏறியது. 2,500 என்று மாற்றினேன். உள்நுழைவுப் பட்டியலில் முதல் வரி விழுந்தது. இளைஞர் கைதட்டிவிட்டார்.

டிஸ்க் தெரிந்ததும் வீட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து படிக்கவைத்து, நிறுத்தச் சைகைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா, கைவிட்ட எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தோம். பிறகு புதிய சுவிட்சுக்கும் மையச் சுவிட்சுக்கும் இடையிலான கேபிளைப் பிடுங்கினேன். சர்வரின் பச்சை விளக்கு அணையவில்லை. அதன் கேபிளில் ஒரு குறையும் இல்லையே! மையத்தின் அறிவிப்பு 8 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டும். அதன் இரண்டரை மடங்கு காலம் வராவிட்டால்தான் பாதை இறந்ததாகச் சர்வர் கொள்ளும். 20 விநாடி டிஸ்க்கில் எழுதும் வேலை உறைந்து நின்றது. அந்த 20 விநாடியும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது பாதையில் ஓடத் தொடங்கியது.

விடியற்காலை நாலே முக்காலுக்குக் கடைசி சர்வரையும் சரிபார்த்தோம். அட்டையின் ஃபெர்ம்வேர் பதிப்பு, சுவிட்சின் மென்பொருள் பதிப்பு, வகுப்பின் எம்டியு, நிறுத்திய சேவையின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை இரண்டாவது சுவிட்சை மாற்றியபோது, இளைஞர் முதலில் திறந்தது அண்டைப் பட்டியலைத்தான்.