ஒரு நூல் இடைவெளி

நேற்று சாயங்காலம், நானே இரும்புப் பைப்பில் செய்துகொண்டிருக்கும் ஏற்றி இறக்குகிற மேஜையை 116 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, அதன் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, நின்றபடியே ஐந்து நிமிஷம் தடதடவென்று டைப் அடித்தேன். தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. சிந்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதே பரீட்சையில் கீபோர்டு குளித்துவிட்டது. மூன்று கால் முடிந்தாயிற்று. நாலாவது காலுக்கு நட் தீர்ந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஞாயிறு கடை சாத்தியிருக்கும், அதனால்தான் உட்கார்ந்து இதை எழுத நேரம் கிடைத்தது.

என் உயரம் ஆறடி மூன்று அங்குலம், 191 செ.மீ. ஒசாகாவில் ஆறு வருஷமாக வேலை. ஜப்பானில் ஆபீஸ் மேஜை வெகுகாலம் 70 செ.மீ. உயரம்தான், 2011-க்குப் பிறகுதான் 72 பரவியது. எனக்கு வாய்த்தது பழசு, அதிலும் நடுவில் டிராயர் வைத்தது. நாற்காலியைத் தாழ்த்தினால் முட்டி வயிற்றுக்கு வரும். உயர்த்தினால் தொடை டிராயரில் இடிக்கும். மேஜைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஒப்பேற்றினேன். வாடகை வீட்டில் நிலை 180 செ.மீ., குனிந்து போகிற பழக்கம் பாட்டியின் ஓட்டு வீட்டிலேயே வந்துவிட்டதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது மூன்று மாசம் சேலத்து வீட்டிலிருந்தே வேலை. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. அந்த நேரத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, அதனால் நின்று வேலை செய்கிற மேஜை வேண்டும் என்று ஆரம்பித்தேன். கடையில் மோட்டார் வைத்ததே விற்கிறான், தெரியும். அதை வாங்கியிருந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது?

முதலில் ஆசாரியிடம்தான் போனேன். "டேபிள்னா ரெண்டரை அடி தம்பி, யாரு உக்காந்தாலும் அதானுங்க" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உயரமான ஆளுக்கு உயரமான மேஜைதானே வேண்டும்? வீட்டுக்கு வந்து, செருப்பில்லாமல், பாதம் தரையில் பதிய உட்கார்ந்து அப்பாவை டேப் பிடிக்கச் சொன்னேன். நாற்காலிப் பலகை 50 செ.மீ. அதிலிருந்து மடக்கிய முழங்கை 27.5. கூட்டினால் 77.5. கீபோர்டின் தடிமன் இரண்டரை போக, மேஜையின் மேல்மட்டம் 75-இல் வர வேண்டும். அங்குலத்தில் இருபத்தொன்பதரை. ஆசாரியின் ரெண்டரை அடிக்கு அரை அங்குலம் குறைவு. விஷயம் கேள்விப்பட்டு அவர் சொன்னது: "நாலு நூல் கம்மி பண்ணத்தானா இத்தனை அளவு?"

ஆனால் மேல்மட்டம் பாதி கதைதான். உட்கார்ந்த நிலையில் என் தொடையின் மேல்பக்கம் தரையிலிருந்து 67 செ.மீ. ரெண்டரை அடி மேஜையில் முக்கால் அங்குலப் பிளைவுட்டும் நாலு அங்குல டிராயரும் போனால் அடியில் மிஞ்சுவது 64. ஆறு வருஷமாக மேஜை குட்டை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றம் டிராயருடையது. ஆகவே டிராயர் கிடையாது, முன்பக்கம் குறுக்குச் சட்டமும் கிடையாது. முன்சட்டம் இல்லாவிட்டால் மேஜை ஆடும் என்பது மரவேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் இரண்டு பக்கமும் பின்னாலும் முழங்காலுக்குக் கீழே பைப் கொடுத்தேன். 75-இல் மேஜை பாறை மாதிரி நின்றது.

தகராறு ஏற்றும்போதுதான். ஒன்றரை அங்குலச் சதுர பைப்புக்குள் ஒண்ணேகால் அங்குலப் பைப் இறங்கும். துளை போட்டுக் குறுக்கே போல்ட் செருகினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். எளிமையான யோசனை. கணக்கு என்ன சொல்கிறது என்றால், 16 கேஜ் (தகட்டின் தடிமனைச் சொல்லும் எண்) பைப்பின் தகடு 1.6 மி.மீ.; வெளிப்பைப்பின் உள்ளளவு 34.9, உள்பைப்பின் வெளியளவு 31.8. இடைவெளி 3.1 மி.மீ., அதாவது சரியாக ஒரு நூல். ஒரு நூல்தானே என்று விட்டேன். 116-இல் உள்பைப் 28 செ.மீ. உள்ளே, 43 செ.மீ. வெளியே. உள்ளே ஒரு நூல் ஆட்டம் மேலே போகும்போது ஐந்து மில்லி ஆகிறது. நாலு காலும் சேர்ந்து ஐந்து மில்லி ஆடினால் ஸ்க்ரீனில் எழுத்து நடனமாடும்.

முதல் வைத்தியம்: தகரத்தை மடித்து இடுக்கில் செருகினேன். இரண்டு நாளில் கீழே நழுவிப் பைப்புக்குள் விழுந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஏற்றும்போது கிலுகிலுவென்று சத்தம். இரண்டாவது: வெளிப்பைப்பின் ஒரு முகத்தில் நட் வெல்டு வைத்து, போல்ட் முறுக்கி உள்பைப்பை எதிர்ச்சுவரோடு நெருக்கினேன். முன்னும் பின்னும் ஆடுவது நின்றது. இடம் வலமாக ஆடியது. பட்டறை அண்ணன் சிரித்துவிட்டு, "மூலையில ஒதுக்கணும் தம்பி" என்றார். அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் போல்ட் கொடுத்தால் உள்பைப் எதிர் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும், எந்தப் பக்கமும் போக்கிடம் இருக்காது. கொடுத்தேன். அப்படியும் மெல்ல ஆடியது. வெளிப்பைப்பின் வாய்க்கு அருகில் மட்டும் பிடித்தால் உள்பைப்பின் அடிமுனை ஊஞ்சல் ஆடத்தானே செய்யும்? அதனால் வாயிலிருந்து ஒன்பது அங்குலம் கீழே இன்னொரு ஜோடி. காலுக்கு நாலு நட், ஆகப் பதினாறு. நான் வாங்கி வைத்திருந்தது ஒரு டஜன்.

நட் வெல்டிங்கில் என் கைப்பட்டு இரண்டு பைப் வீணானது. மெல்லிய தகடு, ராடை ஒரு வினாடி கூடுதலாக நிறுத்தினால் ஓட்டை விழும். 2.5 மி.மீ. ராடு, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நட்டில் போல்ட்டை மாட்டிக்கொண்டே வெல்டு வையுங்கள், இல்லையென்றால் பொறி பட்டு மரை கெட்டுவிடும். துத்தநாகப் பூச்சு உள்ள நட்டானால் கிரைண்டரில் முதலில் பூச்சைத் தேய்த்துவிட வேண்டும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

பைப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஜைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குலம், 16 கேஜ், இருபதடி நீளம் ஏறக்குறைய பதினொரு கிலோ இருக்க வேண்டும். முதல் தடவை ஒரு கடையில் 16 என்று கொடுத்தது எட்டரை கிலோதான் நின்றது, அது 18 கேஜ். அதில் செய்திருந்தால் இடைவெளி நாலு மில்லியைத் தொட்டிருக்கும். திருப்பிக் கொடுத்ததில் கடைக்காரருக்கு இன்னும் என் மேல் கோபம்.

இப்போது மேலே கிடப்பது வெறும் பிளைவுட். ஏற்காட்டில் மாமா காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் ஒன்று சாய்ந்து, அறுத்துப் போட்டிருக்கிறார்கள். மிளகுக்கொடி தழுவிய தழும்பு பட்டையில் அப்படியே இருக்கிறது. ஆசைப்பட்டு ஒரு பலகையை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்தேன். பச்சை மரம், சேலத்து வெயிலில் பத்தே நாளில் முறத்தைப் போல வளைந்துவிட்டது. மிச்சப் பலகைகளை இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி அங்கேயே நிழலில் காயவிட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் வரும்போது பார்க்கலாம். வளைந்த பலகையை இழைத்து லேப்டாப்புக்குக் கீழே வைக்கும் முக்காலியாக்க உத்தேசம், ஸ்க்ரீன் இன்னும் ஒரு சாண் ஏற வேண்டியிருக்கிறது.

சட்டத்தைப் பிரித்து ஒசாகாவுக்கு எடுத்துப் போகவும் திட்டம் உண்டு. எல்லாத் துண்டும் 71 செ.மீ.க்குள்தான், மொத்தம் பதினேழு கிலோ வரும். பக்கத்துப் பைப்புகளை வெல்டிங்குக்குப் பதிலாகப் போல்ட்டுக்கு மாற்றினால் பெரிய பெட்டியில் அடங்கும். "இரும்பை ஏத்திட்டா பொடியும் ஊறுகாயும் எதுல போகும் கண்ணு?" என்று அம்மா கேட்கிறாள். அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

தினமும் ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. விடிகாலை ஐந்தேகாலுக்கு அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "தேர் தூக்கற மாதிரி தினம் ஒரு வேலை" என்று முணுமுணுத்தபடியே போல்ட்டைச் செருகுவார். நாளைக்குக் கடை திறந்ததும் நாலு நட், அப்புறம் பிரைமர். அதுவரை நாலாவது காலின் பக்கம் காபி டம்ளர் வைப்பதில்லை.